60 லட்சம் கையெழுத்துக்கு 'நோ', 6 ஓட்டில் கவிழ்ந்த சட்டம்: திருச்சபையில் ஓட்டுக்கு என்ன மதிப்பு?

2012 நவம்பர் 20. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் சர்ச் ஹவுஸ் கட்டிடத்தில் இங்கிலாந்து திருச்சபையின் பொது சினாட் கூடியிருந்தது. சினாட் என்றால் அந்தத் திருச்சபையின் நாடாளுமன்றம் மாதிரி. பெண்கள் பிஷப் ஆகலாமா, கூடாதா? அன்றைய ஓட்டு அதற்குத்தான்.

சினாட்டில் மூன்று அவைகள் உண்டு. பிஷப்கள் அவையில் 44 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. குருமார்கள் அவையில் 148 ஆதரவு, 45 எதிர்ப்பு. குருப்பட்டம் பெறாத சாதாரண உறுப்பினர்கள், அதாவது பொதுநிலையினர் அவையில் 132 ஆதரவு, 74 எதிர்ப்பு. மொத்தமாகக் கூட்டினால் 324க்கு 122. வேறு எந்த சபையாக இருந்தாலும் இதை அமோக வெற்றி என்று சொல்லி பட்டாசு வெடித்திருப்பார்கள். அன்று அந்தத் தீர்மானம் தோற்றுப்போனது.

காரணம், மூன்று அவையிலும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதி. பொதுநிலையினர் அவையில் 206 பேர் ஓட்டுப் போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு 138 வேண்டும். கிடைத்தது 132. ஆறே ஆறு பேர் மாற்றிப் போட்டிருந்தால் வரலாறு மாறியிருக்கும். இத்தனைக்கும் அதற்கு முன்பு மாவட்ட அளவில், 44 மறைமாவட்ட சினாட்களில் 42 இந்தச் சட்டத்துக்கு ஓகே சொல்லியிருந்தன. மறுநாள் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரதமர் டேவிட் கேமரூனே அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார்.

இதைப் படிக்கும்போது சில கேள்விகள் தானாகவே வரும். கடவுள், விசுவாசம் என்று வரும் இடத்தில் ஓட்டு எதற்கு? 72 சதவீதம் பேர் வேண்டும் என்று சொல்லியும் ஏன் நடக்கவில்லை? லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் திருச்சபை கேட்குமா? 2,000 வருஷ வரலாற்றில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது.

முதல் தேர்தலில் ஓட்டே இல்லை

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் முதல் அதிகாரத்திலேயே ஒரு 'காலிப் பணியிடம்' வருகிறது. யூதாஸின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுமார் 120 பேர் கூடியிருந்த இடத்தில் இரண்டு பேரை முன்நிறுத்தினார்கள். ஜெபம் செய்தார்கள். சீட்டுப் போட்டார்கள். மத்தியாவின் பெயரில் சீட்டு விழுந்தது. முடிவைக் கடவுளிடம் விட்டாச்சு என்பதுதான் இதன் அர்த்தம்.

இந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. எகிப்தின் காப்டிக் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது, குருமார்களும் பொதுநிலையினருமாக 2,000க்கும் மேற்பட்டவர்கள் முதலில் ஓட்டுப் போட்டு மூன்று பேரைத் தேர்வு செய்கிறார்கள். பிறகு கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் மூன்று சீட்டில் ஒன்றை எடுக்கிறான். 2012 நவம்பர் 4-ம் தேதி இப்படித்தான் போப் இரண்டாம் தவாத்ரோஸ் தேர்வானார். குடத்தில் ஓலை போட்டு சிறுவனை எடுக்கச் சொன்ன உத்திரமேரூர் கல்வெட்டு நம்மவர்களுக்கு ஞாபகம் வராமல் இருக்காது.

ஆரம்ப நூற்றாண்டுகளில் ஊர் மக்கள் குரலுக்கும் பெரிய இடம் இருந்தது. 374-ம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் புதிய பிஷப் யார் என்று இரண்டு கோஷ்டிக்குள் தகராறு. சமாதானம் பண்ண வந்த மாகாண ஆளுநர் அம்புரோஸையே பிஷப் ஆக்கச் சொல்லி கூட்டம் கோஷம் போட்டது. அப்போது அவர் ஞானஸ்நானம்கூட எடுத்திருக்கவில்லை. சில நாட்களுக்குள் ஞானஸ்நானமும் ஆச்சு, பிஷப் பட்டமும் ஆச்சு. இன்று அவர் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் இரு தரப்பும் கொண்டாடும் புனிதர்.

நைசியாவில் 'ஓட்டுப் போட்டு' இயேசுவைக் கடவுள் ஆக்கினார்களா?

வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் அடிக்கடி சுற்றும் கதை இது. 2003-ல் வெளிவந்த 'தி டா வின்சி கோட்' நாவல் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. கி.பி. 325-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நைசியாவில் கூட்டிய சங்கத்தில், சின்ன வித்தியாசத்தில் ஓட்டு நடந்து இயேசு கடவுளாக அறிவிக்கப்பட்டார் என்பது அந்தக் கதை.

நடந்தது வேறு. மரபாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 318 பிஷப்கள். உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. இயேசு தெய்வீகமானவர் என்பதில் இரு தரப்புக்குமே பெரிய சண்டை இல்லை. தந்தையாகிய கடவுளுக்கு அவர் முழுமையாக இணையானவரா, அல்லது கடவுளால் படைக்கப்பட்டவர்களில் முதல்வரா? விவாதம் அதைப் பற்றித்தான். கடைசியில் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்த பிஷப்கள் இரண்டே பேர். அவர்களும், இரண்டாவது கருத்தைச் சொன்ன ஆரியுஸ் என்ற பாதிரியாரும் நாடு கடத்தப்பட்டார்கள்.

கிட்டத்தட்ட ஒருமனதான முடிவு. பேரரசரின் அதிகாரமும் பின்னால் இருந்தது. அதோடு பிரச்சினை முடிந்ததா என்றால், இல்லை. அடுத்த 50 வருஷத்துக்கும் மேல் அதே சண்டை நடந்தது. பிஷப்கள் மாறி மாறி நாடு கடத்தப்பட்டார்கள். 381-ல் கான்ஸ்டான்டினோபிளில் இன்னொரு சங்கம் கூடிய பிறகுதான் ஓரளவு அடங்கியது. கையெழுத்து வாங்குவது ஒரு விஷயம், மனசு மாறுவது இன்னொரு விஷயம் என்பதைத் திருச்சபை அப்போதே பார்த்துவிட்டது.

மூன்றில் இரண்டு பங்கு: விதி பிறந்த கதை

2025 மே 8-ம் தேதி சிஸ்டைன் சேப்பல் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்ததை உலகமே லைவில் பார்த்தது. 133 கர்தினால்கள் ஓட்டுப் போட்டார்கள். ஜெயிக்க 89 வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாம் நாளிலேயே போப் பதினான்காம் லியோ தேர்வாகிவிட்டார்.

இந்த 89 என்ற கணக்கின் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1159-ல் கர்தினால்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டு போப்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தரப்புக்கு மூன்றாம் அலெக்சாண்டர். இன்னொரு தரப்புக்கு நான்காம் விக்டர், அவருக்கு ஜெர்மானியப் பேரரசரின் ஆதரவு. சண்டை 18 வருஷம் ஓடியது. கடைசியில் ஜெயித்த அலெக்சாண்டர், 1179-ல் மூன்றாம் லாத்தரன் சங்கத்தைக் கூட்டி ஒரு விதி போட்டார்: இனி கர்தினால்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஏற்றால்தான் போப். பாதிக்குப் பாதி பிரிந்து கிடக்கும்போது, ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் ஜெயித்தார் என்று அறிவித்தால், தோற்ற தரப்பு தனிக்கடை திறக்கும். தோற்றவர்கள் மிகவும் சிறிய குழுவாக இருந்தால் அந்தத் தைரியம் வராது. கணக்கு இவ்வளவுதான்.

இந்த விதிக்கும் ஒரு விலை உண்டு. 1268-ல் போப் இறந்த பிறகு, இத்தாலியின் விதெர்போ நகரில் கூடிய கர்தினால்களால் கிட்டத்தட்ட மூன்று வருஷம் முடிவெடுக்க முடியவில்லை. பொறுமை இழந்த ஊர்க்காரர்கள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். சாப்பாட்டைக் குறைத்தார்கள். கூரையையே பிரித்துவிட்டார்கள். 1271-ல் ஒருவழியாகத் தேர்வான பத்தாம் கிரகோரி, 1274-ல் பூட்டிய அறைத் தேர்தலைச் சட்டமாக்கினார். 3 நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே ஒரு கறி. இன்னும் 5 நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம் மட்டும். கான்கிளேவ் என்ற சொல்லுக்கே சாவி போட்டுப் பூட்டிய அறை என்றுதான் பொருள்.

1996-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஒரு தளர்வு கொண்டுவந்தார். பல சுற்று ஓட்டுக்குப் பிறகும் முடிவு வராவிட்டால், பாதிக்கு மேல் வாங்கினாலே போதும் என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார். 2007-ல் அடுத்து வந்த போப் பதினாறாம் பெனடிக்ட் அதை ரத்து செய்து, பழைய மூன்றில் இரண்டு பங்குக்கே திரும்பினார். தளர்வில் இருந்த ஓட்டை இதுதான்: கையில் பாதிக்கு மேல் ஓட்டு இருக்கும் ஒரு கோஷ்டி, யாரோடும் பேசாமல் நாட்களைக் கடத்தினாலே ஜெயித்துவிடலாம்.

533க்கு 2, 1114க்கு 1074: எது நல்ல ஓட்டு?

1870 ஜூலை 18. முதலாம் வாட்டிகன் சங்கம். விசுவாசம், ஒழுக்கம் தொடர்பாக போப் முறைப்படி அறிவிக்கும் கோட்பாட்டில் தவறு இருக்காது என்ற கொள்கைக்கு ஓட்டு. ஆதரவு 533, எதிர்ப்பு 2. எதிர்த்தவர்களில் ஒருவர் தெற்கு இத்தாலியின் ஒரு சிறிய நகரத்து பிஷப். இன்னொருவர் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகர பிஷப். ஓட்டு முடிந்ததும் இருவரும் முடிவை ஏற்றுக்கொண்டார்கள்.

வெறும் 2 பேர்தான் எதிர்ப்பா? ஐந்து நாள் முன்பு, ஜூலை 13-ம் தேதி நடந்த முன்னோட்ட ஓட்டைப் பாருங்கள்: ஆதரவு 451, எதிர்ப்பு 88, 'திருத்தம் செய்தால் ஆதரவு' என்றவர்கள் 62. நடுவில் என்ன நடந்தது? எதிர்ப்பாளர்களில் ஏறக்குறைய 60 பேர், போப் முன்னிலையில் 'வேண்டாம்' என்று சொல்ல மனமில்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆகவே 533க்கு 2 என்ற கணக்கு பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பிறகு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியாவில் இதை ஏற்காதவர்கள் பிரிந்துபோய் 'பழைய கத்தோலிக்கர்கள்' என்று தனிச் சபையாக ஆனார்கள். பிஷப்கள் எல்லாரும் கடைசியில் பணிந்தார்கள். பேராசிரியர்களும் மக்களும் ஒரு பகுதி பணியவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் இரண்டாம் வாட்டிகன் சங்கத்தில். 1963 அக்டோபர் 29-ம் தேதி கேள்வி: அன்னை மரியாவைப் பற்றித் தனி ஆவணம் வேண்டுமா, அல்லது திருச்சபை பற்றிய ஆவணத்திலேயே ஒரு அத்தியாயமாகச் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்றவர்கள் 1,114. தனியாக வேண்டும் என்றவர்கள் 1,074. 40 ஓட்டு வித்தியாசம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிஷப்கள் சரிபாதியாகப் பிளந்து நின்ற நாள் அது.

ஜெயித்த தரப்பு அதோடு கதவைச் சாத்தவில்லை. தோற்றவர்களின் கவலையையும் சேர்த்து ஒரு வருஷம் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார்கள். 1964 நவம்பர் 21-ம் தேதி அந்த ஆவணத்துக்கு இறுதி ஓட்டு: ஆதரவு 2,151, எதிர்ப்பு 5. அதே நாளில் போப் ஆறாம் பவுல், மரியாவைத் 'திருச்சபையின் தாய்' என்று அறிவித்தார். தோற்ற தரப்புக்கு மனநிறைவு தந்த அறிவிப்பு அது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 533க்கு 2 ஒற்றுமை மாதிரித் தெரிந்தது, ஆனால் பிளவு வந்தது. 1,114க்கு 1,074 பிளவு மாதிரித் தெரிந்தது, ஆனால் ஒற்றுமை வந்தது. ஓட்டு எண்ணியதற்கு முன்னாலும் பின்னாலும், தோற்பவர்களோடு எவ்வளவு பேசினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கையெழுத்து: ஓட்டில்லாதவர்களின் ஓட்டு

சங்கத்தில் உட்கார இடம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மனு போடுவார்கள்.

இந்தியாவுக்கே நேரடித் தொடர்புள்ள ஒரு மனு இயக்கம் 1813-ல் நடந்தது. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளில் பிரிட்டிஷ் மிஷனரிகள் நினைத்தபடி வந்து வேலை செய்ய முடியாது. மதப் பிரச்சாரம் கலவரத்தில் முடிந்தால் வியாபாரம் கெடும் என்று கம்பெனி பயந்தது. வில்லியம் கேரி போன்றவர்கள் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த செராம்பூரில் தங்கி வேலை பார்க்க வேண்டியிருந்தது. கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்ட நேரத்தில், வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் தலைமையில் பிரிட்டன் முழுக்க சர்ச் சர்ச்சாகக் கையெழுத்து வேட்டை நடந்தது. 800க்கும் மேற்பட்ட மனுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின. அந்த வருஷமே சட்டம் மாறியது.

இதில் கவனிக்க வேண்டியது, கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அன்று தேர்தலில் ஓட்டுரிமை இல்லை. 1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு வந்த ஒரே ஒரு மனுவில் 1,87,000 பெண்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். சர்ச் வட்டாரப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த கையெழுத்துகள் ஏராளம். அவர்களில் ஒருவருக்குக்கூட ஓட்டு கிடையாது. அதே வருஷம் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

அரசுக்குப் போன மனுக்கள் ஜெயித்தன. அதே கையெழுத்து திருச்சபைத் தலைமைக்குப் போனால் என்ன ஆகும்?

80 லட்சம் ஜெயித்தது, 60 லட்சம் தோற்றது

மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது கத்தோலிக்கர்களின் பழைய நம்பிக்கை. ஆகஸ்ட் 15 விண்ணேற்புப் பெருவிழா பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடப்படுகிறது. இதை அதிகாரபூர்வக் கோட்பாடாக அறிவிக்கச் சொல்லி 19-ம் நூற்றாண்டின் நடுவில் இருந்து வாட்டிகனுக்கு மனுக்கள் குவிந்தன. பொதுநிலையினர் கையெழுத்து மட்டும் சுமார் 80 லட்சம். 1946-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், உலகம் முழுக்க உள்ள பிஷப்களுக்குக் கடிதம் எழுதி அவர்களும் மக்களும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். ஏறக்குறைய எல்லாரும் சம்மதம் சொன்னார்கள். 1950 நவம்பர் 1-ம் தேதி கோட்பாடு அறிவிக்கப்பட்டது. 1854-ல் 'அமல உற்பவம்' என்ற கோட்பாட்டை அறிவிக்கும் முன்பும் இதே வழிதான்: 603 பிஷப்களிடம் கேட்டதில் 546 பேர் ஆதரவு.

இந்த வெற்றியைப் பார்த்து 1993-ல் அமெரிக்காவில் இறையியல் பேராசிரியர் மார்க் மிராவல்லே அடுத்த இயக்கத்தைத் தொடங்கினார். மரியாவை இயேசுவோடு 'இணை மீட்பர்' என்று கோட்பாடாக அறிவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. கையெழுத்து 60 லட்சத்தைத் தாண்டியது. 500க்கும் மேற்பட்ட பிஷப்கள் ஆதரித்தார்கள். அன்னை தெரசாவின் பெயரும் ஆதரவாளர் பட்டியலில் இருந்தது.

ஆனால் 1996-ல் போலந்தின் செஸ்டோகோவா நகரில் கூடிய 23 இறையியலாளர்கள் குழு ஒருமனதாக 'வேண்டாம்' என்றது. மீட்பர் இயேசு ஒருவரே என்ற அடிப்படையை இந்தப் பட்டம் குழப்பும், மற்ற கிறிஸ்தவ சபைகளோடு நடக்கும் உறவுப் பேச்சையும் கெடுக்கும் என்பது அவர்கள் வாதம். 2025 நவம்பர் 4-ம் தேதி, வாட்டிகனின் கோட்பாட்டுத் துறை ஒரு ஆவணம் வெளியிட்டு, அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவது பொருத்தமற்றது என்று சொல்லிவிட்டது. 30 வருஷத்துக்கும் மேல் நடந்த இயக்கத்துக்கு அதுதான் பதில்.

80 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் உள்ள 20 லட்சம் வித்தியாசம் இதற்குக் காரணம் இல்லை. முதல் மனு, ஏற்கெனவே எல்லாரும் நம்பிய ஒன்றுக்கு முத்திரை கேட்டது. இரண்டாவது மனு, இறையியலாளர்களே ஒத்துப்போகாத ஒன்றை எண்ணிக்கையின் பலத்தில் கேட்டது. திருச்சபையின் பார்வையில், ஓட்டோ கையெழுத்தோ ஒரு உண்மையை உருவாக்காது. ஏற்கெனவே இருக்கும் உண்மையை அடையாளம் காட்ட மட்டுமே உதவும்.

மனு போட்டவர்கள் மேசைக்கு வந்தது எப்போது?

இந்த விளக்கத்தில் எல்லாருக்கும் திருப்தி இல்லை. 'அடையாளம் காணும்' இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு.

1995-ல் ஆஸ்திரியாவில், வியன்னா பேராயராக இருந்த ஒரு கர்தினால் மீது பாலியல் புகார் வெடித்தது. கொதித்துப்போன கத்தோலிக்கர்கள் ஒரு மனு இயக்கம் தொடங்கினார்கள். பிஷப் தேர்வில் மக்களுக்குப் பங்கு, பெண்களுக்கு முழு சமத்துவம், குருமார்களுக்குத் திருமணம் செய்துகொள்ளும் விருப்பம் என்று கோரிக்கைகள். சில வாரங்களில் 5 லட்சம் கையெழுத்து. பக்கத்து நாடான ஜெர்மனியில் 18 லட்சம். வாட்டிகன் கோரிக்கைகளை ஏற்கவில்லை. ஆனால் 'நாமே திருச்சபை' என்ற பெயரில் அந்த இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. பேச்சு நிற்கவில்லை.

28 வருஷம் கழித்து, 2023 அக்டோபரில் வாட்டிகன் சினாட்டில் முதல்முறையாகப் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் 54 பேர். போப் பிரான்சிஸ் கொண்டுவந்த மாற்றம் இது. 2024-ல் பெண்கள் திருத்தொண்டர் ஆவது பற்றிய கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்ற பத்திக்கு 258 ஆதரவு, 97 எதிர்ப்பு. அந்த ஆவணத்திலேயே அதிக எதிர்ப்பு வாங்கிய பத்தி அதுதான். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி நிறைவேறியது.

53 சதவீதத்தில் ஜெயித்தால் என்ன ஆகும்?

2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபை, தன்பாலினத் திருமணத்துக்கும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் போதகர் ஆவதற்கும் உள்ள தடையைக் கடுமையாக்க ஓட்டெடுத்தது. ஆதரவு 438, எதிர்ப்பு 384. 53 சதவீதம். இங்கே பாதிக்கு மேல் போதும் என்பதால் தீர்மானம் நிறைவேறியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். தோற்ற 47 சதவீதம் பேர் பணியவில்லை. பல இடங்களில் தடையை அமல்படுத்த மறுத்தார்கள். வெறுத்துப்போய் வெளியேறியவர்கள் பெரும்பாலும் ஜெயித்த தரப்பினர். 2023 முடிவுக்குள் அமெரிக்காவில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள் விலகின. கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. மீதி இருந்தவர்கள் 2024 மே மாதம் கூடி, தன்பாலின ஈர்ப்பாளர்கள் போதகர் ஆவதற்கு இருந்த தடையை 692க்கு 51 என்ற ஓட்டில் நீக்கினார்கள். ஐந்து வருஷத்தில் முடிவு தலைகீழாகப் போயிருச்சு. நடுவில் திருச்சபையே உடைந்திருந்தது.

தென்னிந்தியாவில் 28 வருஷப் பேச்சு

இதற்கு மாற்றாக நம்ம ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியக் கிறிஸ்தவத் தலைவர்கள், பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். பிஷப் இருக்கும் ஆங்கிலிகன், பிஷப்பே இல்லாத காங்கிரகேஷனல், பிரெஸ்பிட்டேரியன், அதோடு மெதடிஸ்ட். எப்படிச் சேர்ப்பது? ஒவ்வொரு சபையும் தன் அமைப்புக்குள் விவாதித்து, ஓட்டெடுத்து, திருத்தம் கேட்டு, மறுபடி விவாதித்தது. 28 வருஷம். 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ பிறந்தது.

அதன் விதிகளில் ஒரு வாக்குறுதியைச் சேர்த்தார்கள்: எந்தச் சபையின் மனசாட்சிக்கும் விரோதமாகத் தெரிந்தே எந்த ஏற்பாடும் செய்ய மாட்டோம். அப்படியும் ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிகன்கள் பலர் சேரவில்லை. யாரும் அவர்களை வற்புறுத்தவும் இல்லை. 1975-ல் அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். அதே நந்தியாலில்தான் 2013 செப்டம்பரில் சிஎஸ்ஐ-யின் முதல் பெண் பிஷப் புஷ்பலலிதா பொறுப்பேற்றார். இங்கிலாந்து திருச்சபையில் அப்போது ஒரு பெண் பிஷப்கூட இல்லை.

இன்றைக்கு சிஎஸ்ஐ திருமண்டலத் தேர்தல்கள் என்றாலே அணி, பேனல், கோர்ட் கேஸ் என்பதுதான் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பலருக்கு ஞாபகம் வரும். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் என்று நிர்வாகச் சொத்து பெரிதாகும்போது ஓட்டின் குணமும் மாறிவிடுகிறது. ஆனால் இந்த அமைப்பு ஆரம்பித்தது அப்படி இல்லை.

அந்த ஆறு ஓட்டு என்ன ஆச்சு?

2012-ல் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் பெண்களுக்கு எதிரானவர்கள் இல்லை. பெண் பிஷப்கள் வரட்டும், ஆனால் இதை ஏற்க முடியாத சபைகளுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு போதாது என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பழைய பாடம் தெரியும். 1992-ல் பெண்கள் பாதிரியார் ஆகும் சட்டம் பொதுநிலையினர் அவையில் 169க்கு 82 என்று மயிரிழையில்தான் தப்பியது. அதன் பிறகு 400க்கும் மேற்பட்ட குருமார்கள் விலகிப்போனார்கள்.

2012 தோல்விக்குப் பிறகு இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசினார்கள். பெண் பிஷப்பை ஏற்க முடியாத சபை ஒரு ஆண் பிஷப்பின் பணியைக் கேட்டுப் பெறலாம், புகார்களைப் பார்க்கத் தனி அதிகாரி இருப்பார் என்று முடிவானது. பெண் பிஷப்களுக்குக் குறைந்த அதிகாரம் என்ற பேச்சே இல்லை. 2014 ஜூலை 14-ம் தேதி அதே பொதுநிலையினர் அவையில் ஓட்டு: ஆதரவு 152, எதிர்ப்பு 45. 2015 ஜனவரியில் முதல் பெண் பிஷப்பாக லிபி லேன் பொறுப்பேற்றார். 2025 அக்டோபரில், கேன்டர்பரி பேராயராக, அதாவது இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பொறுப்புக்கு, சாரா முல்லாலியின் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண் அவர்தான்.

இரண்டு வருஷத் தாமதம் சின்ன விலை இல்லை. தகுதி இருந்தும் காத்திருக்க வைக்கப்பட்ட பெண்கள்தான் அந்த விலையைக் கொடுத்தார்கள். பெரும்பான்மை வேண்டும் என்று சொன்ன பிறகும் சிறுபான்மைக்காக அவர்களைக் காக்க வைப்பது நியாயமா என்ற கேள்வி இன்றும் அங்கே கேட்கப்படுகிறது. மூன்றில் இரண்டு பங்கு விதி அதற்குப் பதில் சொல்வதில்லை. தோற்கப்போகிறவர்களோடு பேசாமல் ஜெயிக்க முடியாது என்ற நிலையை மட்டும் உருவாக்குகிறது.

அடுத்தமுறை 'இத்தனை லட்சம் பேர் கையெழுத்து', 'இத்தனை ஓட்டில் தீர்மானம்' என்று மதம் சார்ந்த செய்தி ஏதாவது உங்கள் மொபைலில் வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஓட்டு யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை? ஜெயிக்க எத்தனை பங்கு வேண்டும்? தோற்றவர்களுக்கு மறுநாள் அங்கே இடம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், அந்த முடிவு நிற்குமா, ஐந்து வருஷத்தில் கவிழுமா என்பதை ஓரளவு நீங்களே கணித்துவிடலாம்.